தூக்கிப் பார்த்து வாங்குகிற பொருள்

எங்கள் பக்கத்தில் பேட்டரி வாங்கப் போகிறவர் முதலில் செய்கிற காரியம் அதைத் தூக்கிப் பார்ப்பதுதான். விலை, வாரண்டி எல்லாம் அப்புறம். சந்தையில் பூசணிக்காயைக் கையில் ஏந்திப் பார்ப்பது மாதிரி ஒரு எம்பு எம்பி, கை வலித்தால் முகத்தில் ஒரு திருப்தி. "நல்லா ஈயம் வெச்சிருக்கான்யா!" என் அப்பா அப்படித்தான் வாங்கினார். லேசாக இருந்தால் "உள்ளே காத்துதான் இருக்கு" என்று திருப்பி வைத்துவிடுவார்.

அந்த வீட்டில் வளர்ந்த என்னிடம் அக்கா மகன் வந்து சொல்கிறான்: "மாமா, பேட்டரி கனமா இருக்கறதுதான் பிரச்சனையே. மூணு கிலோவுல லித்தியம் வந்துருச்சு. ஒத்தக் கையில தூக்கிடலாம்."

ஒற்றைக் கையில் தூக்குகிற பேட்டரி. அப்பா இருந்திருந்தால் அவனை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்.

கதை இப்படி ஆரம்பித்தது. எனக்கு வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், வேலை சிதம்பரத்தில். நடுவில் 45 கிலோமீட்டர் சொச்சம். கெடிலம் ஆற்றைத் தாண்டி, திருப்பாதிரிப்புலியூர், முதுநகர், சிப்காட், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம் என்று போகிற அதே சாலைதான். தினமும் காரில் போய்வர எனக்குக் கட்டுப்படியாகாது. திங்களும் வெள்ளியும் கார், மற்ற நாட்களில் பஸ்ஸோ ரயிலோ. கார் பத்து வருடப் பழைய வேகன்ஆர். வாரத்தில் பாதி நாளுக்கு மேல் வேப்பமரத்தடியில் சும்மா நிற்கும். இது பின்னால் முக்கியமாகப் போகிறது, நினைவில் வையுங்கள்.

போன சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி. சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரே ஒரு சத்தம், டேஷ்போர்டு விளக்கு மங்கி அணைந்தது. செல்ஃப் எடுக்கவில்லை. அந்த மாதத்தில் அது இரண்டாவது முறை. பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் தள்ள, இரண்டாவது கியரில் விட்டு ஒருவழியாகக் கிளப்பிப் போய்ச் சேர்ந்தேன். பேட்டரிக்கு இரண்டு வயதுதான் ஆகிறது.

அப்புறம் ஆலோசனை மழை. எதிர்வீட்டு சார், "பெரிய பேட்டரியா போடுங்க, 35 ஆம்பியர் எல்லாம் பத்தாது" என்றார். ஆபீசில் ஒருவர், தயாரித்த மாதம் பார்க்காமல் வாங்கியதுதான் தப்பு என்றார். லித்தியம் சொன்னவன் மருமகன், அந்த அக்கா மகன்தான். அவன் ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். சனி, ஞாயிறானால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் கிடப்பான். எடையில் கிராம் கணக்குப் பார்க்கிற கூட்டத்தோடு பழகி, என் வேகன்ஆரையும் அந்தக் கண்ணால் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. ஈயப் பேட்டரிக்குள் ஆறு செல், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது 12.6, 12.7 காட்டும். 12.2க்கு வந்தால் பாதி காலி. லித்தியம் என்று கார் ஸ்டார்ட்டிங்குக்கு விற்பது பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. நாலே செல், தலா 3.2 வோல்ட். அதைச் சும்மா வைத்தால் ஈயத்தைப் போலத் தானாகச் சார்ஜ் கரையாது. பாதி காலியாகக் கிடந்தாலும் கெடாது. வண்டி ஓடும்போது சார்ஜை மளமளவென்று வாங்கிக்கொள்ளும். என் 35 ஆம்பியர் ஈயப் பேட்டரி ஏறத்தாழ 10 கிலோ. அவன் காட்டிய லித்தியம் 3 கிலோ. விலை மட்டும் இருபதாயிரத்தைத் தாண்டிப் போனது.

"போர்ஷேவே போட்டிருக்கான் மாமா" என்றான்.

போட்டதும் உண்மைதான். 2010இல் 911 ஜிடி3 மாதிரியான கார்களுக்கு போர்ஷே கம்பெனி லித்தியம் ஸ்டார்ட்டர் பேட்டரியை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. எடை 6 கிலோவுக்கும் குறைவு, வழக்கமான 60 ஆம்பியர் பேட்டரியைவிடப் பத்து கிலோ மிச்சம். ஜெர்மனியில் விலை 1,904 யூரோ. ஆனால் மருமகன் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அந்த லித்தியத்தோடு சாதாரண ஈயப் பேட்டரியையும் சேர்த்தே கையில் கொடுத்தார்கள். கடுங்குளிரில் லித்தியம் சோம்பிப் போகும் என்பதால், பனிக்காலத்தில் மாற்றிப் போட்டுக்கொள்ள. அந்தப் பனிப் பிரச்சனை நமக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நம் பிரச்சனை அதற்கு நேர் எதிர்.

முதலில் எடைக் கணக்கையே பார்த்துவிடுவோம். ஏழு கிலோ குறைந்தால் எனக்கு என்ன லாபம்? வேகன்ஆர் கிட்டத்தட்ட 900 கிலோ. காரில் 100 கிலோ குறைந்தால் 100 கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்குள் பெட்ரோல் மிச்சமாகும் என்பது பொதுவான கணக்கு. தாராளமாக 0.4 லிட்டர் என்று வைத்தாலும், ஏழு கிலோவுக்கு 28 மில்லி. கடலூரிலிருந்து சிதம்பரம் போய்த் திரும்பினால் 25 மில்லி, அதாவது ரெண்டரை ரூபாய். வாரம் இரண்டு முறை போகிற நான் வருடத்துக்கு மிச்சம் பிடிப்பது 250 ரூபாய். இருபதாயிரத்தை இப்படி மீட்க என் பேரன் ரிட்டயர் ஆகவேண்டும். இன்னொன்று. என் கார் டேங்க் 35 லிட்டர், நிரப்பினால் பெட்ரோல் மட்டும் 26 கிலோ. பாதி டேங்கோடு ஓட்டினாலே 13 கிலோ குறைந்துவிடும், ஒரு பைசா செலவில்லாமல். டிக்கியைத் திறந்து பார்த்தேன். இருபது லிட்டர் தண்ணீர் கேன், இரண்டு குடை, போன பொங்கலுக்குக் கட்டிவைத்த பழைய பேப்பர் மூட்டை. நான் எடை குறைக்கவேண்டியது பானட்டுக்குள் இல்லை.

ரேஸ் காருக்கு இது வேறு கணக்கு, மறுக்கவில்லை. அங்கே முன்பக்கத்தில் ஏழு கிலோ குறைவது வளைவில் தெரியும். முதுநகர் மேட்டில் இருக்கிற வேகத்தடைகளில் என்ன தெரியப்போகிறது?

சரி, எடையை விடுங்கள். லித்தியத்தில் எனக்கு நிஜமாகவே இடித்தது அதன் மேல் ஒட்டியிருந்த ஒரு எண். '35 ஆம்பியர்-மணி ஈயத்துக்குச் சமம்' என்று போட்டிருந்தான். சமம் என்றால் என்ன? ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்த்தால் உண்மையான கொள்ளளவு 12 ஆம்பியர்-மணி. ஏமாற்று என்று சொல்லமாட்டேன். செல்ஃப் மோட்டாரைச் சுற்றிவிடுகிற திறமையில் அந்தக் குட்டிப் பேட்டரி பெரிய ஈயத்துக்குச் சமம்தான். வண்டி கிளப்புவதற்கு உண்மையில் கொஞ்சம் மின்சாரம்தான் போதும். 150 ஆம்பியர் இழுத்தாலும் இரண்டு விநாடியில் முடிந்துவிடுவதால், ஆம்பியர்-மணிக் கணக்கில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் பேட்டரிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. இன்ஜின் நிற்கும்போது விளக்குக்கும் மற்றதுக்கும் மின்சாரம் கொடுப்பது. ராத்திரி மழையில் வெள்ளாற்றுப் பாலத்துக்கு முன்னால் டிராஃபிக் நின்று, இன்ஜினை அணைத்துவிட்டு ஹெட்லைட்டை மட்டும் எரியவிட்டால் 9 ஆம்பியர் இழுக்கும். 12 இருந்தால் ஒன்றேகால் மணி நேரம். 35 இருந்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல். 2011இல் தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த ஊர்க்காரனுக்கு இந்த வித்தியாசம் ஏழு கிலோவைவிடப் பெரிது.

இதற்குள் மருமகனுக்குக் கொஞ்சம் கோபம். "அப்ப ஏன் மாமா உங்க கனமான பேட்டரி ரெண்டு வருஷத்துல மண்டையப் போட்டுச்சு?"

நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இல்லை. எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் இருந்தது.

அவர் கடை திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சந்துக்குள். முப்பது வருடமாக அம்பாசிடரில் தொடங்கி எல்லாம் பார்த்தவர். ஆல்டர்னேட்டரை இன்னமும் டைனமோ என்றுதான் சொல்வார். பேட்டரியைத் தொடவே இல்லை, முதலில் வண்டியைக் கிளப்பி டைனமோ எவ்வளவு தருகிறது என்று பார்த்தார். 14.2. "இது ஒழுங்கா இருக்கு சார்." அப்புறம் வண்டியை அணைத்து, கதவைப் பூட்டி, "போய் ஒரு டீ சாப்பிட்டு வாங்க" என்றார். வண்டி தூங்க அரைமணி நேரம் ஆகுமாம். திரும்பி வந்தபோது மைனஸ் டெர்மினலைக் கழற்றி நடுவில் மீட்டரை மாட்டியிருந்தார்.

180 மில்லி ஆம்பியர்.

பூட்டி நிற்கிற காரில் கடிகாரம், ரிமோட் லாக் எல்லாம் சேர்ந்து 20, 30 மில்லி ஆம்பியர் போவது வழக்கம். 50 வரை போனால் பரவாயில்லை என்று விடலாம். 180 என்றால் திருட்டு. ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிக்கொண்டே வந்தார். ஸ்டீரியோ ஃபியூஸைப் பிடுங்கியதும் எண் சட்டென்று விழுந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கடையில் டச் ஸ்கிரீன் ஸ்டீரியோவும் முன்னால் ஒரு கேமராவும் மாட்டினேன். சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வருகிற ஒயரில் கொடுக்கவேண்டியதை, எப்போதும் உயிரோடு இருக்கிற ஒயரில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் அந்தக் கடைப் பையன். மாட்டியது இரண்டு வருடம், பேட்டரி வாங்கியதும் இரண்டு வருடம். நான்தான் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

கணக்குப் போட்டால் வயிறு எரிகிறது. 180 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 4.3 ஆம்பியர்-மணி. திங்கள் இரவு நிறுத்தி வெள்ளி காலை எடுக்கும்போது 15 போயிருக்கும், கிட்டத்தட்ட பாதி. சிதம்பரம் போய்வருகிற இரண்டு மணி நேரத்தில் அது முழுக்க நிரம்பாது. ஈயம் கடைசிக் கால்பங்கை மெதுவாகத்தான் குடிக்கும். ஆக இரண்டு வருடமும் அந்தப் பேட்டரி அரை வயிற்றோடே கிடந்திருக்கிறது. அப்படிக் கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் ஏறாது. அதன் மேல் கடலூர் வெயில். சூடு பத்து டிகிரி ஏறினால் ஈயப் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பார்கள்.  

இப்போது மருமகனின் 12 ஆம்பியரை அதே வண்டியில் வைத்துப் பாருங்கள். 180 மில்லி ஆம்பியர் திருட்டுக்கு 67 மணி நேரம் தாங்கும். திங்கள் இரவு ஏழு மணிக்கு நிறுத்தினால் வியாழன் மதியச் சாப்பாட்டுக்குள் காலி. உள்ளே இருக்கிற காவல் சர்க்யூட் பேட்டரியைக் காப்பாற்ற மொத்தத் தொடர்பையும் துண்டித்துவிடும். செத்த மாதிரி கிடக்கும், அதை எழுப்ப அதற்கென்றே சார்ஜர் வேண்டும். நம் ஊர்க் கடைகளில் ராத்திரி பத்துப் பேட்டரியை வரிசையாகக் கோத்துச் சார்ஜ் போடுவார்களே, அதில் இதைக் கோக்க முடியாது. எதிர்வீட்டு சார் சொன்ன பெரிய பேட்டரியும் இன்னும் இரண்டு நாள் கூடுதலாகத் தாங்கி, பிறகு அதே கதிதான். ஆளாளுக்குச் சொன்ன எதுவும் அந்த ஒரு ஒயரைத் தொடவில்லை.

சூட்டைப் பற்றிச் சொன்னேன் இல்லையா? லித்தியத்துக்கும் அது ஆகாது. இந்த வகைப் பேட்டரிகளுக்கு 60 டிகிரியைச் சுற்றித்தான் எல்லை போட்டிருக்கிறார்கள். வேகன்ஆரில் பேட்டரி இருப்பது இன்ஜினுக்குப் பக்கத்தில். அக்னி நட்சத்திர மதியத்தில் சிதம்பரம் வந்து வண்டியை அணைத்த பத்தாவது நிமிடம் பானட்டைத் திறந்து உள்ளே கை வைத்துப் பாருங்கள். ஓடும்போது காற்றாவது அடிக்கும், நின்ற பிறகுதான் சூடு ஏறும். பேட்டரி டிக்கியில் இருக்கிற கார் என்றால் நான் இவ்வளவு பேசமாட்டேன்.

பழைய பேட்டரி தேறாது என்று அண்ணன் கை விரித்துவிட்டதால் புதிது வாங்கத்தான் வேண்டியிருந்தது. கடையில் இன்னொரு கூத்து. இது குளிர் ஸ்டார்ட்டிங் ஆம்பியர் அதிகமுள்ள மாடல், முன்னூறு ரூபாய்தான் கூட என்றார் கடைக்காரர். அந்த எண்ணை அளப்பது மைனஸ் 18 டிகிரியில். கடலூரில் மைனஸ் 18 வந்தால் கார் கிளப்புவதா என் முதல் கவலை? வேண்டாம் என்றேன். ஏஜிஎம் என்று இன்னொரு வகை ஈயப் பேட்டரியைக் காட்டினார். சிக்னலில் தானாக அணைந்து கிளம்புகிற கார்களுக்கு அது நல்லது, என் வண்டிக்கு வீண். அது லேசும் கிடையாது.

நான் பார்த்தது இரண்டே விஷயம். முதலாவது, மேலே அச்சடித்திருக்கிற குறியீடு. 38பி20எல் என்று என் வண்டிக்கானது. இதில் 'பி' பெட்டியின் அகலத்தையும் உயரத்தையும் சொல்லும், 20 என்பது நீளம், ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். கடைசி 'எல்' டெர்மினல் எந்தப் பக்கம் என்பது. இதை 'ஆர்' என்று வாங்கிவந்தால் ஒயர் எட்டாது, இழுத்துக் கட்டினால் பானட்டில் பட்டுத் தீப்பொறி பறக்கும். இரண்டாவது, தயாரித்த மாதம். கடையில் ஆறேழு மாதம் தூங்கிய ஈயப் பேட்டரியை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வேண்டாம்.

பழையதைத் தராசில் வைத்து எடைக்கு எடுத்துக்கொண்டார்கள். அப்பாவின் கனத்துக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் அதுதான். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழசைத் திரும்ப எடுத்து மறுசுழற்சி செய்வது தயாரிப்பாளரின் கடமை. நீங்கள் செய்யவேண்டியது, காயலாங்கடைக்குப் போடாமல் பேட்டரிக் கடையிலேயே கொடுப்பது. பாட்டி ரசம் வைத்த ஈயச்சொம்பு வெள்ளீயம், வேறு உலோகம். பேட்டரிக்குள் இருப்பது காரீயம். தெருவில் வைத்து உடைத்து உருக்கினால் பக்கத்து வீட்டுக் குழந்தையின் ரத்தம் வரை போகும்.

பழசு போக, ரூபாய் 3,900 கொடுத்தேன்.

லித்தியத்தை நான் கேவலமாகப் பேசுவதாக மருமகன் இன்னும் நினைக்கிறான். இல்லவே இல்லை. நம் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் ஈயத்தையும் ஆராய்கிறார்கள், லித்தியத்தையும் ஆராய்கிறார்கள். டெஸ்லா 2021லிருந்து தன் மின்சாரக் கார்களில் துணைக்கு இருந்த சின்ன ஈயப் பேட்டரியைத் தூக்கிவிட்டு லித்தியத்துக்கே மாறியது. அங்கே வண்டி முழுவதும் அதற்கென்று வடிவமைத்தது. சார்ஜ் ஏற்றுகிற மூளையும் பேட்டரியும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும். என் வேகன்ஆரின் டைனமோ யாரோடும் பேசாது.

மருமகன் கடைசியில் அந்த மாதிரி லித்தியத்தில் சின்னதாக ஒன்று வாங்கித் தன் பைக்கில் போட்டுக்கொண்டான். பைக்கில் அது பொருந்துகிறது. காற்றோட்டம் இருக்கிறது, தினமும் ஓட்டுகிறான், இழுக்கிற திருட்டு எதுவும் இல்லை, இரண்டு கிலோ குறைந்ததும் தெரிகிறதாம். தெரியட்டும்.

நான் மாதம் ஒருமுறை பானட்டைத் திறக்கிறேன். கடல்காற்றில் டெர்மினல் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும். மைனஸை முதலில் கழற்றி, ஆப்பச் சோடா கலந்த வெந்நீரை ஊற்றிக் கழுவி, துடைத்து, வாஸ்லைன் தடவி மாட்டினால் முடிந்தது. மாட்டும்போது மைனஸ் கடைசி. பேட்டரியை அழுத்திப் பிடிக்கிற கிளாம்ப் ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆடினால் உள்ளே தகடு உதிரும்.

ஒயரை மாற்றிக் கொடுத்த பிறகு பூட்டிய வண்டி இழுப்பது 25 மில்லி ஆம்பியர். போன மாதம் குடும்பத்தோடு பத்து நாள் ஊரில் இல்லை. திரும்பி வந்து மீட்டர் வைத்தேன், 12.5 காட்டியது. முதல் சாவியிலேயே எடுத்தது. உங்கள் காரிலும் வெளிக்கடையில் ஸ்டீரியோ, கேமரா, ஜிபிஎஸ் எதையாவது மாட்டியிருந்தால், புதுப் பேட்டரிக்குக் காசு எடுத்து வைப்பதற்கு முன்னால் ஒரு எலக்ட்ரீஷியனிடம் போய் அரைமணி நேரம் வண்டியைத் தூங்கவைத்து அளந்து பாருங்கள். என்னிடம் அண்ணன் அதற்கு வாங்கியது 200 ரூபாய், டீ என் செலவு.